கொங்கு நாடு தீர்க்காத கடன்

கோவை காந்திபுரத்திலிருந்து ஈரோடு, சேலம் பக்கம் புறப்படும் பஸ்களில் மாத்திரை வாங்குவதற்காகவே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்திசையில், அதே காரியமாகக் கோவைக்கு வந்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டு மருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசம். ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் இலவசம். மருந்தும் ஒன்றேதான். இருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூர் போகிறார்கள். மருந்து தரும் ஜன்னல் முன்னால் நிற்கும்போது தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். ஏஆர்டி மையங்களின் ஆலோசகர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஊருக்கும் பழகிப்போய்விட்டது என்பதுதான் வெட்கக்கேடு.

நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எச்ஐவி விஷயத்தில் தமிழக அரசும், அதைவிட அதன் கடைநிலை ஊழியர்களும், பல நாடுகள் செய்யத் தவறியதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கொங்கு நாட்டுச் சமூகம், அதிலும் வசதி படைத்த பகுதி, தன் பங்கைச் செய்யவில்லை. செய்யாததோடு, தொற்று குறைந்த பெருமையைத் தன் ஒழுக்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது.

“நம்ம ஊரு கட்டுப்பாடான ஊருங்க, அதனாலதான் ஆப்பிரிக்கா மாதிரி ஆகலை” என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இதைவிடத் தவறான, இதைவிடக் கொடிய பேச்சு வேறில்லை. எந்த நாட்டில் எவ்வளவு தொற்று என்பதை அந்த நாட்டு மக்களின் ஒழுக்கம் தீர்மானித்திருந்தால் உலக வரைபடமே வேறு மாதிரி இருந்திருக்கும். இந்தியாவில் இன்று விகிதாசாரப்படி மிக அதிகத் தொற்றுள்ள மாநிலம் மிசோரம். தேவாலயமும் ஊர்க் கட்டுப்பாடும் வாழ்க்கையின் ஒவ்வொரு அங்கத்திலும் கலந்த மாநிலம் அது. வயது வந்தோரில் 2.7 சதவீதத்துக்கு மேல் அங்கே தொற்றோடு வாழ்கிறார்கள். நாட்டின் சராசரி 0.2 சதவீதம். பர்மா எல்லை வழியாக வரும் ஹெராயினும், பகிர்ந்துகொள்ளப்பட்ட ஊசியும் அங்கே பெரிய காரணங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சுரங்கங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்வாத்தினி என்ற சின்னஞ்சிறு நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்ஐவி. லெசோத்தோவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. இந்த நாடுகளிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் நூறாண்டுக்கு மேலாக ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மனைவி மக்களை அழைத்து வர அனுமதி கிடையாது. நிறவெறி அரசின் சட்டங்கள் அவர்களை ஆண்கள் மட்டுமே தங்கும் கொட்டடிகளில் அடைத்து வைத்தன. ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போவார்கள். கொட்டடியைச் சுற்றிச் சாராயக் கடையும் பாலியல் தொழிலும் முளைத்தன. பால்வினை நோய்களுக்குச் சரியான வைத்தியம் இல்லை. தங்கத்தின் லாபம் ஜோகன்னஸ்பர்க்குக்கும் லண்டனுக்கும் போயிற்று. நோய் லெசோத்தோ மலைக் குடிசைகளில் இருந்த மனைவிமாரிடம் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதை கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றக் கூடாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்றாலே நாடு முழுக்க லாரி ஞாபகம் வரும். நேஷனல் பர்மிட் லாரியும் டேங்கரும் டிரெய்லரும் போர்வெல் ரிக் வண்டியும் நம் வறண்ட பூமியைச் செல்வ பூமியாக்கின. விவசாயத்தில் கைவிடப்பட்ட குடும்பங்கள் ஒரு வண்டியில் தொடங்கிப் பத்து வண்டிக்கு வளர்ந்த வரலாற்றுக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் வண்டியை ஓட்டியவர்கள் யார்? லோடு ஏற்றி வடக்கே போனால் இருபது நாள், ஒரு மாதம் கழித்துத் திரும்புகிற டிரைவரும் கிளீனரும். ரிக் வண்டியோடு போனவர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடந்தார்கள். சரக்கு இறக்கக் காத்திருப்பு, திரும்பி வர லோடு கிடைக்கக் காத்திருப்பு, சோதனைச் சாவடியில் காத்திருப்பு. படுக்க இடமில்லை, குளிக்க இடமில்லை, வீட்டோடு பேச அன்றைக்குக் கைபேசி இல்லை. அந்தத் தனிமையைப் படியில் சேர்த்துக் கணக்குப் போட்ட முதலாளி ஒருவரும் இல்லை. 1997-ல் புது மாவட்டமாக உதித்த நாமக்கல், கர்ப்பிணிகளிடம் நடந்த கண்காணிப்புப் பரிசோதனைகளில் நாட்டிலேயே அதிகத் தொற்று பதிவான மாவட்டங்களில் ஒன்றாக அடுத்த சில ஆண்டுகளிலேயே பேசப்பட்டது. கர்ப்பிணிகள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஊரைத் தாண்டி அறியாத, கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்கள் அவர்கள். வண்டி ஓடிய லாபம் ஊருக்கு வந்தது. நோய் ஓட்டியவன் வீட்டுக்கு வந்தது. (எல்லா டிரைவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பழக்கமும் அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. பெண் தர மறுத்தார்கள். அதுவும் அந்தத் தொழிலாளிக்கு நாம் செய்த அநியாயம்.)

தமிழகத்தின் கதையும் கருணையோடு தொடங்கிவிடவில்லை. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற ஆராய்ச்சி மாணவி, பாலியல் தொழிலில் பிடிபட்டு அரசு விடுதியில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருந்தது. இந்தியாவில் முதன்முதலாக உறுதியான தொற்று அதுதான். நம் பண்பாடு நம்மைக் காப்பாற்றும், இது மேல்நாட்டு நோய் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு இது அந்தப் பெண்களின் நோய் என்று சொல்லத் தொடங்கினார்கள். தொற்று இருக்கிறது என்பதற்காகவே பெண்களை விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களை வெளியே விடச் சொல்லிப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 1990-ல்தான் விடுதலை கிடைத்தது. கோவாவில் 1989-ல் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை, தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பெயரில் இரண்டு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அடைத்து வைத்ததால் எங்கேயும் தொற்று குறையவில்லை. சோதனைக்கு வரவே ஆட்கள் அஞ்சினார்கள்.

பாதை மாறியது 1994-ல். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அந்த ஆண்டு உருவானது. கோப்பு நகரும் வேகத்தில் நோயைத் துரத்த முடியாது என்பதை உணர்ந்து, தனி அமைப்பாக, தனி நிதியோடு அரசு அதை அமைத்தது. மற்ற மாநிலங்கள் அந்த மாதிரியைப் பின்பற்றின. தன்னார்வ நிறுவனங்களின் களப்பணியாளர்கள் லாரி நிறுத்தங்களுக்கும் லாட்ஜுகளுக்கும் பாலியல் தொழிலாளர்களிடமும் திருநங்கையரிடமும் போனார்கள். போலீஸ் விரட்டுகிறவர்களை, ஊர் ஒதுக்குகிறவர்களை, தேடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆணுறையைக் கையில் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் திறந்தன. பிரசவம் ஏறக்குறைய முழுக்க ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் மாநிலம் என்பதால் கர்ப்பிணிகள் எல்லோரையும் பரிசோதனை எட்ட முடிந்தது. கிராம நர்சுகள் போட்ட பழைய அஸ்திவாரம் அது.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2002-ல் அமெரிக்காவின் தேசிய உளவுக் கவுன்சில், 2010-க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2.5 கோடி பேருக்கு எச்ஐவி இருக்கும் என்று கணித்தது. இன்றைக்கு நாட்டில் தொற்றோடு வாழ்பவர்கள் 25 லட்சத்துக்குச் சற்றே மேல். கணிப்பே மிகையானது என்பது உண்மைதான். ஆனால் அதுவே முழு விளக்கம் ஆகாது. 2000-க்கும் 2004-க்கும் இடையில் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளிடையே தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை, வடமாநிலங்களில் அப்படி ஒரு குறைவு காணப்படாததை, ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2006-ல் வந்த ஆய்வு காட்டியது. தெற்கே இருப்பவர்கள் யோக்கியர்கள், வடக்கே இருப்பவர்கள் அயோக்கியர்கள் என்றா இதற்குப் பொருள்? களப்பணி நடந்த இடத்தில் குறைந்தது. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய ஒரு விளம்பரம் உண்டு: “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” 2003-ல் சுவரெங்கும் அந்தக் கேள்வி. பெண்கள் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது. வீட்டில் பேசவே கூடாத சங்கதியை டீக்கடைக்குக் கொண்டு வந்த மட்டில் அந்த விளம்பரத்துக்கு நன்மை உண்டு என்றே நினைக்கிறோம். ஆனால் பத்துப் பெண்களிடம் போகிறவனுக்கு வரும் வியாதி என்ற சித்திரத்தையும் அது ஊர் மனத்தில் பதித்துவிட்டுப் போனது. புள்ளிராஜாவின் மனைவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த மனைவிக்குத்தான் நாமக்கல்லில் தொற்று இருந்தது.

உலகத்தின் வேறு மூலைகளைப் பார்த்தாலும் இதே பாடம்தான் விதவிதமாகத் தெரிகிறது. தாய்லாந்து 1989-ல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991-க்குள் நாடெங்கும், பாலியல் தொழில் நடக்கும் விடுதிகளில் ஆணுறை கட்டாயம் என்றது. தொழிலாளியைத் தண்டிக்காமல் விடுதிக்காரரைப் பொறுப்பாக்கியது. மெச்சாய் வீரவைத்யா என்ற அமைச்சர் ஆணுறையோடு பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போனார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதை ஒழித்த நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைத் தாய்லாந்து 2016-லும், போரில் சிதைந்து எழுந்த நம் பக்கத்து இலங்கை 2019-லும் பெற்றன. இந்தியாவுக்கு அது இன்னும் கிட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. சுரங்கக் கொட்டடிகள் நட்ட நோயை, விடுதலை பெற்ற நாட்டின் அதிபரே வளரவிட்டார். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று தாபோ எம்பெக்கி சந்தேகம் எழுப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். கர்ப்பிணிகளுக்கு நெவிரப்பின் மாத்திரை தரச் சொல்லித் தொற்றோடு வாழ்பவர்களின் இயக்கம் வழக்குப் போட்டு, 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றது. மருந்து தாமதமானதால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நிறவெறியை வென்ற இயக்கத்தின் தலைவர் ஒருவர் கையால் இது நடந்தது என்பதை எழுதும்போது நமக்கு வலிக்கிறது. ஆனால் அதே நாடு பிற்பாடு உலகின் மிகப் பெரிய ஏஆர்டி திட்டத்தை நடத்திக் காட்டியது. எஸ்வாத்தினி, போட்ஸ்வானா, ருவாண்டா, தான்சானியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வின் 95-95-95 இலக்கைத் தொட்டுவிட்டன. தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அது தெரியும், தெரிந்தவர்களில் 95 பேர் மருந்தில் இருக்கிறார்கள், மருந்தில் இருப்பவர்களில் 95 பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. “ஆப்பிரிக்கா மாதிரி” என்று ஏளனமாகச் சொல்கிறவர்கள் இனி அந்தச் சொல்லை மரியாதையோடு சொல்லப் பழகட்டும்.

ரஷ்யாவில் போதை ஊசியால் நோய் பரவியது. ஊசிக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்து கொடுத்தால் ஊசிப் பகிர்வு குறையும் என்பது உலகறிந்த வைத்தியம். ரஷ்யா அதைச் சட்டப்படி தடை செய்து வைத்திருக்கிறது. 2010-க்குப் பிறகு உலகம் முழுக்கப் புதிய தொற்று குறைந்துவரும்போது, கிழக்கு ஐரோப்பாவும் மத்திய ஆசியாவும் சேர்ந்த பகுதியில் ஏறியிருக்கிறது. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவில் இன்னும் வேகமாக ஏறியிருக்கிறது. போர்ச்சுகல் 2001-ல் போதைப் பழக்கத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து வைத்தியத்துக்கு மாற்றியது; அங்கே ஊசி வழித் தொற்று சரிந்தது.

இதைக் கோவைக்காரர்கள் தூரத்துச் செய்தியாகப் படிக்க வேண்டாம். வலி நிவாரண மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி இந்த நகரத்தின் போலீஸ் செய்திகள் சில ஆண்டுகளாகவே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இத்தனை மாத்திரை பறிமுதல், இத்தனை பேர் கைது. அந்த ஊசியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள், அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று நகரம் கேட்பதில்லை. கைது செய்யப்பட்ட பையன் நம் தெருப் பையன், நம் கல்லூரிப் பையன். மிசோரம் போன பாதையின் முதல் படியில் அவன் நிற்கிறான்.

மருந்தின் கதையிலும் நாம் தலைகுனிய வேண்டிய ஒரு பகுதி உண்டு. 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, மேல்நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற முக்கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கொடுத்த பலத்தில் செய்த காரியம் அது. ஆப்பிரிக்கா உயிர் பிழைத்தது என்றால் அதில் இந்திய மருந்துக்குப் பெரும் பங்கு. ஆனால் இந்திய அரசு தன் குடிமக்களுக்கு அந்த மருந்தை இலவசமாகத் தர 2004 ஏப்ரல் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொங்கு நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைக்குப் போனார்கள். மற்ற ஆஸ்பத்திரிகள் கைவிரித்தபோது படுக்கை கொடுத்த இடம் அது. வீட்டை, நகையை, வண்டியை விற்றுத் தனியாரில் மருந்து வாங்கி, பணம் தீர்ந்ததும் மருந்தை நிறுத்தி, செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். மாத்திரை நம் நாட்டில் தயாராகிக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் செத்தார்கள். டெல்லியின் அந்த மூன்றாண்டுத் தாமதத்தை மன்னிக்க நமக்கு மனம் இல்லை.

அரசு மெல்ல மெல்ல அந்தத் தவறைத் திருத்திக்கொண்டது. 2017-லிருந்து, தொற்று தெரிந்த அன்றே மருந்து. மருந்தை விடாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு வந்துவிட்டவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாது என்பது இன்று நிரூபணமான மருத்துவ உண்மை. அவர் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தையைப் பெற்றுக்கொள்ளலாம். நோயின் கொடுமை பெருமளவு தீர்ந்துவிட்டது. மீதமிருப்பது மனிதர்கள் செய்யும் கொடுமை. அதற்கு மாத்திரை கிடையாது.

அந்தக் கொடுமைக்கு வருவோம். முதலில் நம் வீடுகள். மகனுக்குத் தொற்று இருப்பது தெரிந்தே கட்டிவைத்து, அவன் போனதும் “வந்த ராசி சரியில்லை” என்று மருமகளை வெளியே தள்ளிய மாமனார் மாமியார் இந்தக் கொங்கு மண்ணில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பங்கில்லை, போட்ட நகை திரும்பவில்லை, பிள்ளைக்குத் தாத்தா வீட்டுச் சோறு இல்லை. நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, அவர் மூலம் தொற்று பெற்ற கௌசல்யா பெரியசாமி, முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-ல் அவர் மற்றப் பெண்களோடு சேர்ந்து தொடங்கிய எச்ஐவியோடு வாழும் பெண்கள் கூட்டமைப்பு நாடெங்கும் பரவியது. கொங்கு நாடு பெருமைப்பட வேண்டிய மகள் அவர். இந்த ஊர் அவருக்கு விழா எடுத்ததாக நாம் அறியோம்.

ஜாதகத்தில் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று பார்க்கிறவர்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொண்டு முடிவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கத்துக்கு ஏன் இன்னும் கூசுகிறார்கள்? கட்டாயப் பரிசோதனையை நாம் கேட்கவில்லை. கட்டாயம் என்றால் ஆட்கள் ஒளிவார்கள். பெரியவர்கள் கூச்சத்தை விட்டால் போதும்.

அடுத்து ஆஸ்பத்திரிகள். மருத்துவத்துக்கே பெயர்போன நகரம் கோவை. கேரளத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் எச்ஐவி பரிசோதனை செய்து, பாசிட்டிவ் என்று வந்ததும் “இங்கே அந்த வசதி இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பும் வழக்கம் தனியார் மருத்துவமனைகளில் இன்னும் ஒழியவில்லை. எந்த வசதி இல்லை? எல்லா நோயாளிக்கும் போட வேண்டிய அதே கையுறை, அதே கருவிச் சுத்தம்தான் இவருக்கும். 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்மதம் இல்லாத பரிசோதனையையும் தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடை செய்கிறது. தெரிந்த ரகசியத்தை வெளியே சொல்வதையும் தடை செய்கிறது. படித்த டாக்டர் செய்யும் இந்தப் பாவத்தைப் படிக்காத ஊர் செய்யும் பாவத்தைவிடப் பெரிதாகவே எடைபோடுகிறோம்.

அரசு ஆஸ்பத்திரிகளும் குற்றமற்றவை இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த இளைஞர் அதற்கு இரண்டாண்டுக்கு முன்பும் ரத்தம் கொடுத்தவர். அப்போதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்கே தெரிய வந்ததும், ஏற்ற வேண்டாம் என்று சொல்லத் தானாக ஓடி வந்தார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த இளைஞர் சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் நடந்துகொண்ட விதத்தில் பாதியளவு பொறுப்பு அமைப்புக்கு இருந்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார்.

இனி முதலாளிகள். 2017 சட்டத்தின்படி நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. கோவை மில்களிலும் பவுண்டரிகளிலும் மோட்டார் பம்பு ஆலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் எத்தனையில் அந்த அலுவலரின் பெயர் தொழிலாளிக்குத் தெரியும்? பெயர் தெரியாத அலுவலர் இருந்தும் இல்லாததற்குச் சமம். தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளிகளின் பழைய பாவங்கள் மலையளவு. ஆனால் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் 2002-லேயே, அந்த நாட்டு அரசு மருந்து தர மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் தொழிலாளிகளுக்கு ஏஆர்டி மருந்தைத் தன் செலவில் தருவதாக அறிவித்தது. கடனை உணர்ந்தார்கள், தாமதமாகவேனும் கொஞ்சம் கட்டினார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் அள்ளித் தரும் கொங்குச் செல்வந்தர்களிடம் கை வறண்டுவிடவில்லை. டிரைவரின் விதவை அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்தப் பழைய கடன் தீராமலே புதுக் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் தறியிலும் தையலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர்கள் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். குடும்பத்தை விட்டு வந்த ஆண்கள், ஒரு அறையில் பத்துப் பேர், ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ப் பயணம். லெசோத்தோ ஆண்கள் ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த வாழ்க்கை, நம் டிரைவர்கள் வடக்கே வாழ்ந்த வாழ்க்கை, இப்போது நம் வீட்டு வாசலில். அன்றைக்கு நம் ஆள் வெளியூரில் அனாதையாக நின்றான். இன்றைக்கு வெளியூர் ஆள் நம் ஊரில் நிற்கிறான். அவன் மனைவி பீகாரின் சாப்ராவிலோ ஒடிசாவின் கஞ்சாமிலோ காத்திருக்கிறாள். அவனுக்கு நம்பிக்கை மையம் எங்கே என்று தெரியாது. தெரிந்து போனாலும் அவன் பாஷையில் பேச ஆள் கிடைப்பது அரிது. மருந்தைத் தொடங்கியவன் வேலை மாறி ஊர் மாறினால் மருந்து அறுந்துபோகிறது. அவர்களால்தான் நோய் வருகிறது என்று பேசத் தொடங்கிவிட்ட சிலருக்குச் சொல்கிறோம்: நம் டிரைவர்களைப் பற்றி மற்ற மாநிலங்கள் பேசியது இதே பேச்சுத்தான்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் எத்தனையோ சிகிச்சை நிலையங்கள் கதவடைத்தன. அந்த நிதி நிரந்தரமாக நின்றால் 2029-க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் சாவார்கள் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்திருக்கிறது. பணக்கார நாடு ஒன்று ஏழைகளின் மாத்திரையைத் தட்டிப் பறித்ததை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது. இந்தியத் திட்டம் பெரும்பாலும் நம் சொந்தப் பணத்தில் நடப்பதால் அந்த அடி நம்மீது விழவில்லை. 2021-லிருந்து ஐந்தாண்டுக்கு 15,000 கோடி ரூபாய்க்கு மேல் மத்திய அரசு ஒதுக்கியது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தத் திட்டத்தைத் தோளில் சுமக்கும் ஆலோசகரும் ஆய்வக நுட்புநரும் ஆண்டாண்டாகத் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில், ஓய்வூதிய நம்பிக்கை இல்லாமல் கிடக்கிறார்கள். நோயாளியின் முதல் கண்ணீரைப் பார்க்கும் ஆள் அவர்தான். அவரை இப்படி வைத்திருப்பது அரசுக்கு அழகில்லை. பணி நிரந்தரத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

தொழில் அமைப்புகளிடம் நேராகவே கேட்கிறோம். கொடிசியா, சைமா, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், நாமக்கல் லாரி உரிமையாளர் சங்கங்கள் ஆகியவை வரும் டிசம்பர் 1-க்குள் தங்கள் உறுப்பினர் நிறுவனங்களின் புகார் அலுவலர் பட்டியலை வெளியிட வேண்டும். ஆலை வாசலில் அந்தப் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க வேண்டும். நம்பிக்கை மையத்துக்குப் போய்வரும் தொழிலாளிக்கு அரை நாள் கூலி பிடிக்கக் கூடாது. கோவை, திருப்பூர் மாவட்ட நிர்வாகங்கள் வடமாநில மொழி தெரிந்த ஆலோசகர்களை நியமித்து, ஊசிப் போதைக்கு ஆளானவர்களுக்குக் கைதுக்கு முன் வைத்தியம் என்ற வழியைத் திறக்க வேண்டும். தொற்றுள்ளவருக்குத் தன் குடும்ப வீட்டிலேயே வசிக்கும் உரிமையை 2017 சட்டம் கொடுத்திருக்கிறது. மருமகளை வெளியேற்றிய வீடுகளில் அந்த உரிமையை நிலைநாட்ட எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனையில் அந்தப் பெண் வீடு திரும்பினாள் என்ற கணக்கை, சட்டம் சொல்லும் மாநிலக் குறைதீர்ப்பாளர் மாவட்டவாரியாகப் பொதுமக்கள் முன் வைக்கட்டும். நாமக்கல்லில் தொடங்கட்டும்.